பேறுகாலப் போதைப்பழக்கத்துக்குக் கணினி வழி ஆலோசனை: பயன் எதுவரை?

கேள்வி (மகப்பேறு செவிலியர்)

அனைவருக்கும் வணக்கம். கருவுற்ற பெண்களிடமும் குழந்தை பெற்ற பெண்களிடமும் புகையிலை, மது, போதைப்பொருள் பயன்பாடு பற்றிக் கேட்பதையும், அதையொட்டிச் சுருக்கமாக ஆலோசனை தருவதையும் டேப்லெட்டில் இயங்கும் செயலி ஒன்றிடம் விடலாமா என்ற பேச்சு எங்கள் பிரிவில் எழுந்துள்ளது. கூட்டம் மிகுந்த பிரிவுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே?' என்ற தொனியில் கேட்கப்பட்டு, 'இல்லை' என்ற பதிலோடு முடிந்துவிடுவதால், யோசனை ஒரு விதத்தில் நியாயமாகவே படுகிறது. ஆனால் பழக்கத்தை விடுவது பற்றிய பேச்சு ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையில் நடப்பது என்று பயின்றவள் நான். இருபது நிமிடத் திரை அந்த இடத்தை நிரப்பும் என்பதை என்னால் எளிதில் ஏற்க இயலவில்லை. இதற்கு ஆய்வுச் சான்று உண்டா? எந்தப் பெண்களுக்கு இது போதாது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பொதுச் சுகாதார ஆய்வாளர்)

சான்று உண்டு. ஆனால் விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்கு அது பெரிதல்ல.

இத்துறையின் தொடக்ககாலப் பணிகளில் முக்கியமானது, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஒண்டர்ஸ்மாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது. 2007இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், கருவுறுவதற்கு முந்தைய மாதத்தில் போதைப்பொருள் பயன்படுத்தியதாகத் தெரிவித்த 107 பெண்கள், பிரசவத்துக்குப் பின் மருத்துவமனையில் இருக்கும்போதே குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஏறத்தாழ இருபது நிமிடம் கணினியில் ஓர் அமர்வை மேற்கொண்டார்கள். அவர்களுடைய பதில்களை வைத்தே நிலையை எடுத்துக்காட்டுவது, பழக்கத்தால் தங்களுக்குக் கிடைப்பதையும் தாங்கள் இழப்பதையும் அவர்களே எடைபோடச் செய்வது, விருப்பம் இருந்தால் மட்டும் ஓர் இலக்கை வகுத்துக்கொள்ளச் செய்வது என்று அமர்வு நகர்ந்தது. திரையில் தோன்றிய கேலிச்சித்திரக் கிளி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்ததால், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களும் பங்கேற்க முடிந்தது. கிளியைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அது முகம் சுளிக்காது என்பதை மறக்கக் கூடாது. நான்கு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, கஞ்சா தவிர்த்த போதைப்பொருள்களின் பயன்பாடு அமர்வில் பங்கேற்றவர்களிடம் குறைந்திருந்தது. கஞ்சாவில் தெரிந்த குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை.

அதே குழுவினர் 143 பெண்களோடு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் மாதத்தில் தெரிந்த பலன் ஆறாம் மாதத்தில் நிலைக்கவில்லை. என்னைக் கேட்டால், இவ்வாய்வுகள் அனைத்திலும் நாம் மனத்தில் கொள்ள வேண்டிய முடிவு இதுதான்.

உங்கள் அடிப்படை ஐயத்துக்கு, 2018இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஓரளவு விடை தருகிறது. இனப்பெருக்க நல மருத்துவகங்களுக்கு வந்த 439 பெண்களில் (இவர்கள் எல்லோரும் கருவுற்றவர்கள் அல்லர்) ஒரு பகுதியினருக்குக் கணினியும், ஒரு பகுதியினருக்கு மருத்துவப் பணியாளரும் குறுகிய ஆலோசனை தந்தனர். எஞ்சியோருக்குச் சற்றே மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு கிடைத்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களோடு ஒப்பிட, ஆலோசனை பெற்ற இரு சாராரிடமும் பயன்பாட்டு நாள்கள் கூடுதலாகக் குறைந்தன. ஆயினும் மேல் சிகிச்சையை நாடிச் செல்வதில் மூன்று குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை.

மனிதரிடம் சொல்லாததைக் கணினியிடம் சொல்வார்களா என்றால், சொல்வார்கள். பதின்வயதினரிடம், கேள்விகளைக் கணினியே ஒலிவழி வாசித்துக் காட்டும் கேள்விப்பட்டியலைப் பயன்படுத்திய 1998ஆம் ஆண்டு ஆய்விலேயே, கூச்சத்துக்குரிய பல நடத்தைகளைத் தாளில் எழுதித் தந்தவர்களைக் காட்டிலும் கணினியில் பதிலளித்தவர்கள் கூடுதலாக ஒப்புக்கொண்டது வெளிப்பட்டது.

மறுமொழி 2 (மகப்பேறு மருத்துவர்)

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். 'எந்தப் பெண்களுக்கு இது போதாது' என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

குறுகிய ஆலோசனை என்பது, பழக்கம் இன்னும் அடிமைநிலையாக முற்றாதவர்களை மனத்தில் வைத்து உருவானது. ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை (அபினி வகைப் பொருள்களை) சார்ந்திருக்கும் கருவுற்ற பெண்ணிடம் 'இன்றே நிறுத்துங்கள்' என்று ஒரு செயலி சொன்னால், அது உதவியாகாது, தீங்காகவே முடியும். அத்தகையவர்களைத் திடீரென நிறுத்தச் செய்யாமல், மெதடோன் அல்லது புப்ரினார்பின் என்னும் மாற்று மருந்தைத் தந்து தொடர் சிகிச்சையில் வைத்திருக்க வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் நிலைப்பாடு. நீண்ட காலமாக மிகுதியாகக் குடித்து வந்தவர்களும், தூக்க மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்து வந்தவர்களும் மருத்துவக் கண்காணிப்பின்றி நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே செயலியை வாங்குமுன், இப்படிப்பட்ட பதில் வந்தால் திரை அடுத்து என்ன சொல்கிறது என்பதை நீங்களே பதிலளித்துச் சோதித்துப் பாருங்கள். 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்ற ஒற்றை வரியோடு அது நின்றால், வாங்காதீர்கள்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். 1989இல் கருவுற்ற பெண்களுக்கென வெளியிடப்பட்ட டி-ஏஸ் என்னும் நான்கு கேள்விப் பட்டியல், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று நேராகக் கேட்பதில்லை. எத்தனை கோப்பை குடித்தால் போதை ஏறுகிறது என்று கேட்கிறது. தாங்குதிறனைக் கேட்டால் மறைக்கத் தோன்றுவதில்லை, அளவைக் கேட்டால்தான் தோன்றுகிறது.

ஒண்டர்ஸ்மா குழுவினர் பிரசவத்துக்குப் பிந்தைய காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வயிற்றிலிருக்கும் குழந்தைக்காகப் புகைப்பதையும் குடிப்பதையும் விட்டவர்களில் பலர், தூக்கமின்மையும் மனச்சோர்வும் அழுத்தும் முதல் ஆண்டில் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் தெரிந்த பலன் ஆறாம் மாதத்தில் மங்கியதில் எனக்கு வியப்பில்லை; ஒரே அமர்வோடு நிறுத்தியதுதான் பொருந்தவில்லை.

மறுமொழி 3 (மருத்துவச் சமூகப் பணியாளர்)

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தப் பதில்கள் யார் கைக்குப் போகின்றன? அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், அரசு மருத்துவமனை ஒன்று கருவுற்ற பெண்களின் சிறுநீரில் கொக்கெயின் இருக்கிறதா என்று சோதித்து, முடிவைக் காவல்துறையிடம் தந்துவந்தது. உரிய ஒப்புதலின்றி இவ்வாறு செய்வது அரசமைப்புக்கு முரணான சோதனை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. தண்டனைக்கும் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்பதற்கும் அஞ்சும் பெண், உண்மையை மறைப்பதோடு நிற்பதில்லை. பேறுகாலப் பரிசோதனைக்கு வருவதையே தவிர்த்துவிடுகிறாள்.

ஆய்வுகளில் பெண்கள் மனம்திறந்து பேசியதற்கு, அங்கே ரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழியும் ஒரு காரணம். அந்த உறுதியைத் தர இயலாத இடத்தில் அதே அளவு உண்மையை எதிர்பார்க்க முடியாது. பக்கத்தில் கணவரோ மாமியாரோ அமர்ந்திருக்கும்போது ஹெட்போன் இல்லாமல் டேப்லெட்டைக் கையில் கொடுப்பதும் கூடாது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மிக்க நன்றி. பதில்கள் நேரே மருத்துவப் பதிவேட்டில் ஏறும்படிதான் எங்களுக்குக் காட்டப்பட்ட செயலி அமைந்துள்ளது. அதை மாற்றக் கேட்பது சாத்தியமா? அப்படி மாற்றினால், உதவி தேவைப்படுபவரை நாங்கள் எப்படி அறிவது?

மறுமொழி 4 (பொதுச் சுகாதார ஆய்வாளர்)

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அமர்வின் முடிவில், 'இதைச் செவிலியரிடம் தெரிவிக்கலாமா' என்று அப்பெண்ணையே கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் பகிரும்படி அமைக்கலாம். ஆனால் உங்கள் சட்டப்படி கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால், அதை முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள். பதில் வாங்கிய பிறகு சொல்வது ஏமாற்று. சம்மதித்தவரிடம் அன்றே பேச ஒருவர் பணியில் இருக்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசிக்கு வரும் நாள்களில் தாய்க்கு இரண்டாம், மூன்றாம் அமர்வுகளை வைத்துக்கொண்டால் அதற்கெனத் தனியாக அழைக்க வேண்டியதில்லை.