ப்ளவுஸ் வேலைக்கு ஆரி ஊசியா, சாதாரண ஊசியா?

நெல்லைப்பூ:
தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் பட்டோடு வந்த ப்ளவுஸ் பிட்டில் கழுத்துக்கும் கைக்கும் நானே வேலைப்பாடு செய்து கொடுக்கலாம் என்று ஆசை, வெளியே கேட்கிற கூலிக்கு இன்னொரு புடவையே எடுத்துவிடலாம் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சங்கிலித் தையல், காம்புத் தையல், பிரெஞ்சு நாட் எல்லாம் எனக்கு நன்றாக வரும். ஆனால் யாரைக் கேட்டாலும் "ஆரி கத்துக்கோ" என்கிறார்கள். வீட்டோடு பொழுதுபோக்காகச் செய்கிறவளுக்கு நுனியில் கொக்கி உள்ள ஆரி ஊசியும், துணியை விறைப்பாகக் கட்டுகிற ஃப்ரேமும் தேவைதானா?

ஊசிமுனை:
தேவையே இல்லை. ஆரி என்பது ஒரு நாளைக்கு நாலு ப்ளவுஸ் முடித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு. ஃப்ரேம் போட்டால் வீட்டில் பாதி ஹால் போய்விடும், குழந்தை ஓடிவந்து இடித்தால் அவ்வளவுதான். ஒரு மர வளையமும் ஆங்கர் நூலும் இருந்தால் பேருந்தில்கூட உட்கார்ந்து போடலாம். ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்து எடுத்துப் போட்டுப் பாருங்கள், இலை ஓரம் எவ்வளவு மெல்லிசாக வருகிறது என்று. நீலகிரியில் தோடர் பெண்கள் ஃப்ரேமும் இல்லாமல், படமும் வரையாமல், துணியின் இழையை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் போடுகிறார்கள், எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று தெரியாத அளவுக்கு இருபுறமும் நன்றாக இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. எல்லாம் சாதாரண ஊசிதான்.

சமிக்கிப்பெட்டி:
அக்கா, தோடர் வேலை தடித்த பருத்தியில் எண்ணிப் போடுவது. பட்டு ப்ளவுஸ் பிட்டில் இழை எண்ண உட்கார்ந்தால் கல்யாணம் முடிந்து சீமந்தமே வந்துவிடும். :)

நெல்லைப்பூ, உங்கள் துணிக்கு ஜரிகை நூல் இல்லாமல் எடுப்பாக இருக்காது. அதைச் சாதாரண ஊசியில் கோத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தையலுக்கும் முழு நீளமும் துணிக்குள் போய் வர வேண்டும், ஊசிக் காதில் உரசி உரசி மேலே சுற்றியிருக்கிற பளபளப்பு உரிந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். ஆரியில் நூல்கண்டு துணிக்குக் கீழேயே கிடக்கும், கொக்கி இழுப்பது ஒரு சின்ன வளையம் மட்டும். நூல் உரசலும் குறைவு, அடிக்கடி கோக்கிற வேலையும் இல்லை. மணிக்கும் அதே கதை. சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணிகளை ஊசித் தண்டிலேயே வரிசையாக ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போகலாம். சாதாரண எம்ப்ராய்டரி ஊசியின் காது பல சமயம் அந்த மணிக்குள் நுழையவே நுழையாது.

ஊசிமுனை:
மணி கோக்கிற மெல்லிய ஊசி எந்த ஃபேன்ஸி கடையிலும் கிடைக்கும். ஜரிகையைத் துணிக்குள் விட்டு இழுக்க வேண்டும் என்று யார் சொன்னது? மேலேயே கிடத்தி, அதே நிறத்தில் மெல்லிய நூலால் அங்கங்கே கட்டிக்கொண்டு போனால் போதும். இன்னொன்று, ஆரி வேலை பிரியும். ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடைக்கார மோகத்துக்கு எதற்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள் என்றுதான் புரியவில்லை.

சமிக்கிப்பெட்டி:
கடைக்கார மோகமா? குஜராத்தில் கட்ச் பக்கம் மோச்சிகள் என்கிற தோல் தொழிலாளர்கள் செருப்புத் தைக்கிற கொக்கி ஊசியிலிருந்து வளர்த்தெடுத்த வேலை இது. பிரான்சில் லுனேவில் ஊரிலும் இதே கொக்கிதான், அங்கே துணியைக் கவிழ்த்துப் போட்டு, மணியை நூலிலேயே கோத்துக் கீழே வைத்துப் போடுவார்கள்.

பிரிகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆரிச் சங்கிலியும் கை ஊசிச் சங்கிலியும் துணியில் ஒரே பின்னல்தான். இரண்டிலும் கடைசி வளையத்தைக் கட்டாமல் விட்டால் அந்த முனையிலிருந்து உருவும். கற்றுக்கொள்கிற பலரும் அவசரத்தில் முடிச்சை விட்டுவிடுகிறார்கள், பழி ஆரிமேல் விழுகிறது.

கத்தரிக்கோல்:
நான் ஜாக்கெட் தைக்கிறவன். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குப் பாதி சரி. பட்டில் ஆரி கற்றுக்குட்டிகள் கை வைத்தால் நடப்பது இதுதான்: கொக்கி மேலே வரும்போது துணியின் இழையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு வரும், கோடு கோடாக இழுத்துவிடும், அப்புறம் இஸ்திரி போட்டாலும் போகாது. கொக்கி போகிற திசையைப் பார்த்தபடி ஊசியை இறக்கி, கீழே நூலை மாட்டி, அரைவட்டம் திருப்பி, ஊசியின் முதுகால் துணியை லேசாகத் தள்ளிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். துணி மத்தளம் மாதிரி விறைப்பாக இல்லாவிட்டால் இது வரவே வராது. கை பழகாமல் முகூர்த்த ப்ளவுஸில் ஆரம்பிக்காதீர்கள் தங்கச்சி.

ஊசிமுனை:
அண்ணன் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

சமிக்கிப்பெட்டி:
அவர் பழகிவிட்டுச் செய் என்கிறார், நீங்கள் பழகவே வேண்டாம் என்கிறீர்கள். பழைய காட்டன் துணியில் தினமும் கொஞ்ச நேரம் நேர்கோடும் வளைவும் போட்டு வந்தால் ஆவணிக்குள் கை வந்துவிடும். மொத்த ஃப்ரேமும் வாங்க வேண்டாம், ஸ்டாண்டோடு வருகிற வளையம் போதும், ஆனால் ஒரு கை மேலே, ஒரு கை கீழே இருக்க வேண்டும் என்பதால் ஸ்டாண்ட் கட்டாயம்.

நெல்லைப்பூ:
இப்போதைக்கு என் யோசனை: பூ, இலை, பிரெஞ்சு நாட் எல்லாம் கை ஊசியில். கழுத்தைச் சுற்றி வருகிற ஜரிகைக் கோடு மட்டும் ஆரியில், அதுவும் காட்டனில் ஒழுங்காக வந்தால். வராவிட்டால் ஊசிமுனை அக்கா சொன்ன மாதிரி மேலே கிடத்திக் கட்டிவிடுகிறேன். நூல் சாயம் போகுமா? பிட் சந்தன நிறம், நூல் அரக்கு.

ஊசிமுனை:
போகலாம். கடையில் சில்க் த்ரெட் என்று கொடுப்பது பெரும்பாலும் ரேயான்தான், அரக்கும் கருநீலமும் ரொம்ப ஆபத்து. ஒரு முழம் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும்.

சமிக்கிப்பெட்டி:
இதில் மட்டும் அக்காவோடு ஒத்துப்போகிறேன்.

கத்தரிக்கோல்:
துணியை வெட்டாமல், அளவு ப்ளவுஸை வைத்துச் சுற்றிக் கோடு வரைந்துகொண்டு வேலையை முடித்துவிட்டுப் பிறகு தைக்கக் கொடுங்கள். தையல் விழுகிற கோட்டை ஒட்டி அரை அங்குலத்துக்கு மணியும் கல்லும் வேண்டாம், மிஷின் ஊசி அதில் பட்டால் ஊசியும் உடையும், மணியும் உடையும். இஸ்திரி போடுவது என்றால் துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக.