தோட்டத்தில் உழைத்த அப்பாவுக்கு இருதய அடைப்பு: சாப்பாடுதான் காரணமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): அப்பா இளமை முழுவதும் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். ஓய்வுபெற்றபின் டவுனுக்கு வந்துவிட்டோம். காலையில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீர். மதியம் கருவாட்டுக் குழம்பும் தட்டு நிறையச் சோறும். இப்போது இருதய அடைப்பு என்கிறார்கள். அன்றும் இதைத்தானே சாப்பிட்டார்?

பதில்: தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற தாதி. சாப்பாடு மாறவில்லை, நடை நின்றுவிட்டது. விடியுமுன் மரத்துக்கு மரம் நடந்த கால்கள் அத்தனை மாவுச்சத்தையும் எரித்தன. இன்று அது சர்க்கரையாக இரத்தத்தில் தங்குகிறது. கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான். கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அழுத்தமும் சர்க்கரையும் இரத்தக்குழாயின் உட்சுவரைச் சிதைக்க, அங்கே கொழுப்பு படிகிறது. 2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் இதை இன்னும் சாதாரணமாக எண்ணுவது எனக்கு வேதனை.

இன்னொருவர்: அண்ணன் ஒருவன் கேட்கிறேன், அப்பா புகைப்பாரா?

கேட்டவர்: ஆமாம் அண்ணா, இன்னும் விடவில்லை.

தாதி: அப்படியானால் முதலில் சிகரெட்டை நிறுத்த வையுங்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் அதற்கு உதவி கிடைக்கும். தேநீருக்குக் கெட்டிப்பால் வேண்டாம். நடைப்பயிற்சியை மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.