கச்சானில் வெடித்து மாரியில் தண்ணி குடித்த சைக்கிள் சீற்

உப்புவெளிக்காரன்:

அப்பாவின் சைக்கிள் கோழிக்கூட்டுச் சுவரில் சாத்தினபடி பல வருடம் கிடந்தது. 2022-ல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போய் ஒரு நாள் அதை வெளியே எடுத்தேன். ரயர், ரியூப், செயின் எல்லாம் கடையில் மாற்றித் தந்தார்கள். சீற்றுக்கு மட்டும் கடைக்காரர் கையை விரித்தார். எங்கள் திருகோணமலையில் பாதிப்பேர் சைக்கிளுக்கு மாறியிருந்த நேரம் அது, நல்ல சீற் ஒன்றும் மிஞ்சவில்லை. “அடிச்சட்டம் நல்லாத்தான் இருக்கு தம்பி, மேல எதையாவது போட்டுக்கொள்ளும்” என்றார். அந்த “எதையாவது”தான் என்னை இரண்டு வருடம் அலைக்கழித்தது.

சீற்றை மூடியிருந்த பழைய றெக்சின் (பிளாஸ்ரிக் பூசிய துணி) எப்படிப் போயிருந்தது என்று முதலில் சொல்கிறேன். வெயிலில் காய்ந்து காய்ந்து, உள்ளே இருந்த மென்மை எல்லாம் ஆவியாகி, வாய்க்கால் வற்றிய வயல்போல வெடித்திருந்தது. ஆனி ஆடியில் கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கும்போது மத்தியானத்தில் வெளியே விட்ட சீற்றில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளாஸ்ரிக்கைப் பிளாஸ்ரிக்காக வைத்திருக்கும் எண்ணெய்ப் பதம் அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும், பிறகு விரல் நகம் பட்டாலே உரியும். வெடிப்பைக் கச்சான் போட்டு வைக்கும், ஐப்பசி கார்த்திகை மழை அதற்குள்ளே இறங்கும்.

முதல் தடவை நான் செய்தது முழுப் பிழை. வீட்டில் பழைய சோபாவின் றெக்சின் கிடந்தது. கதிரைக்குப் போட்டதைச் சைக்கிளுக்குப் போட்டால் என்ன என்று நினைத்தேன். அதன் பின்பக்கம் நெசவுத் துணி, இழுத்தால் ஒரு நூல்கூட நீளாது. சீற்றின் பின்பக்க அகலம் ஒருவாறு மூடிவிட்டது. மூக்கு இருக்கிறதே, அங்கேதான் வினை. சீலைக் கொசுவம்போல ஏழெட்டு மடிப்பு விழுந்தது. மடிப்பை அமத்த ஸ்ரேப்ளர் ஊசி அடித்தேன். சீற்றின் பிளாஸ்ரிக் அடி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும், என் ஊசியோ பத்து மில்லிமீற்றர். மீதியைக் கணக்குப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வேட்டியோடு போய் இறங்கும்போதுதான் கணக்கு விளங்கியது. வேட்டி கிழிந்த சத்தம் பக்கத்தில் தேங்காய் உடைத்தவருக்கே கேட்டிருக்கும்.

அதற்கும் மேலான பிழை, உள்ளே வைத்த ஸ்பொஞ்ச். பழைய மெத்தையில் வெட்டி எடுத்தது. கடையில் தடவிப் பார்த்தவர்கள் எல்லாம் “பஞ்சு மாதிரி இருக்கு” என்று பாராட்டினார்கள். உண்மையிலேயே பஞ்சுதான்.

மாரி தொடங்கியதும், எல்லாரும் செய்வதுபோல நானும் சீற்றுக்கு ஒரு சொப்பிங் பையைப் போட்டுக் கட்டுவேன். ஒரு நாள் பிரெட்ரிக் கோட்டைக்குள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கோணேசர் கோயிலுக்கு ஏறினேன். திரும்பி வரும்போது கோட்டை மான் ஒன்று பையின் நுனியைப் பல்லால் பிடித்து, மிட்டாய்க் கடதாசி உரிப்பதுபோல ஆறுதலாக உரித்துக்கொண்டிருந்தது. பையை அதன் வாயிலிருந்து பறிக்கப் பட்ட பாடு தனிக்கதை (அதுகள் பிளாஸ்ரிக்கைத் தின்று சாவது தெரிந்தும் நாங்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்). அதற்குள் ஒரு பாட்டம் மழை கொட்டி முடிந்திருந்தது.

வரும் வழியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடிக்க நின்றேன். வாங்கில் இருந்த ஒரு ஐயா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என் காற்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு சீற்றைப் பார்த்தார். எழும்பி வந்து பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினார். நான் அடித்த ஒவ்வொரு ஊசித் துளையிலிருந்தும் தண்ணீர் முத்து முத்தாக வந்தது.

“தம்பி, தண்ணிப் போத்திலிலயே இருந்து ஓடுறீர்?”

அவர் ஒரு காலத்தில் கிடைத்த சாமானை வைத்துத்தான் சைக்கிள் திருத்தியவராம். சீற்றின் மேல்தோல் முழுதாகப் போனால், பழைய ரியூப்பை விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, ஸ்பிரிங்குக்குக் குறுக்கே பாய் இழைப்பதுபோல இழைத்துவிடுவார்களாம். “ரப்பர் தண்ணி குடியாது. நீர் குடிக்கிற சாமானை வைச்சுப்போட்டு, குடிக்காத சாமானால மூடியிருக்கிறீர். மூடின பானைக்குள்ள ஊத்தின தண்ணி எங்க போகும்?” கடைசியில் என் காலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்துச் சொன்னார்: “அந்தப் பாட்டாவை வெட்டி வையும்.”

அதைத்தான் வைத்தேன். தேய்ந்த பாட்டா இரண்டு சோடி. அந்த மாதிரி ரப்பருக்குள் இருக்கும் கண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை, அதனால் நீர் உள்ளே ஓடாது. மெத்தை ஸ்பொஞ்சின் கண்ணறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டாம் முறை செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சீற்றைக் கழற்றுமுன், அது எந்தச் சாய்வில் இருந்தது என்று கிளிப்பிலும் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். தங்கச்சியின் நகப்பூச்சு போதும். போடாவிட்டால், திரும்பப் பூட்டும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், ஒரு கிழமைக்கு நீங்கள் நேராக நடக்க மாட்டீர்கள். உப்புக்காற்றில் நட்டு இறுகியிருந்தால் இரவு மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் காலையில் அசையும். ஸ்பிரிங் துருவை வினாகிரியில் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசினேன். கழுவாமல் விட்டால் வினாகிரியே மறுபடி துருவைக் கொண்டுவரும்.

றெக்சின் இந்தமுறை ஓட்டோ சீற் தைக்கிற குசன் கடையில் எடுத்தேன். வெட்டுத்துண்டு என்று காசுகூட வாங்கவில்லை. பின்பக்கம் பனியன் துணிபோல இருப்பதைக் கேளுங்கள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக நீளும். அந்தப் பக்கம் சீற்றின் குறுக்கே வரவேண்டும். வடிவம் எடுக்கப் பழைய தோலைக் கிழிக்காமல் உரித்து, விரித்துக் கடதாசியில் வரைந்து, சுற்றிவர மூன்று சென்ரிமீற்றர் கூட்டி வெட்டினேன்.

பசை, சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் பூசிவிட்டு உடனே ஒட்டப் போகக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாமல் லேசாக இழுக்கும் பதத்தில்தான் பிடிக்கும். மூக்கிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் அதுதான் சண்டைக்காரன். றெக்சினை மத்தியான வெயிலில் ஓட்டுத் தகட்டில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் அப்பளமாவுபோல இழுபடும். சூட்டோடு இழுத்து, மேலே ஒரு சுருக்கமும் இல்லாமல் பார்த்து, மிஞ்சும் சுருக்கத்தை எல்லாம் அடிப்பக்கம் தள்ளி, அங்கே மட்டும் முக்கோணமாகச் சின்னச் சின்ன வெட்டு. நடுவில் இடுப்புபோல ஒடுங்கும் இடத்தில் றெக்சின் எழும்பப் பார்க்கும். அங்கே உடுப்புக் கிளிப் பத்துப் பன்னிரண்டு போட்டு விடியும்வரை விட்டேன். ஊசி ஒன்றுகூட இல்லை. அடிப்பிளாஸ்ரிக்கில் ஈர்க்கு போகிற அளவில் இரண்டு துளை, அப்படியும் நீர் புகுந்தால் வெளியே போகட்டும் என்று.

ஐயாவைத் தேடிப் பிறகு இரண்டு முறை அந்தக் கடைக்குப் போனேன். அகப்படவில்லை. உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

உவர்மலை:

எங்கள் வீட்டில் இருப்பது றெக்சின் இல்லை, தோல். அப்பப்பா கப்பற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957-ல் வெள்ளைக்காரர் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு முன்னே வாங்கிய ரலி சைக்கிள், சீற் புறூக்ஸ். புறூக்ஸ் கம்பனி 1866-ல் பேர்மிங்ஹாமில் குதிரைச் சேணத்துக்கான தோல்சாமான் செய்யத் தொடங்கி, 1882-ல்தான் சைக்கிள் சீற்றுக்கு உரிமம் எடுத்தது. அதைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பார்த்தால் சேணக்காரன் வேலை என்று தெரியும். உள்ளே மெத்தை, ஸ்பொஞ்ச் ஒன்றும் கிடையாது. தடித்த தோல் ஒன்றை முன்னும் பின்னும் செப்பு ஆணியால் அறைந்து, பிள்ளைக்குக் கட்டும் ஏணைபோலத் தொங்கவிட்டிருக்கும்.

இது தெரியாமல் நான் செய்த கொடுமை: தோல் காய்ந்து விறைத்திருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசினேன். ஒரு நாள் இல்லை, ஒரு கிழமை, இரவிரவாக. தோல் நன்றாகத்தான் குடித்தது. பளபளவென்று வந்தது. பிறகு ஏறி இருந்தேன், ஏணை இறங்கிவிட்டது. நடு தொய்ந்து, இரண்டு பக்கச் சிறகும் வெளியே விரிந்து, மூக்கு ஒட்டகம்போல நிமிர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் அதற்கு மேல் பச்சையாகப் பூஞ்சணம் வேறு.

நிலாவெளியில் சைக்கிளிலேயே நாடு சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரர் தேநீர்க் கடையில் என் சீற்றைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அவருடையதும் அதே இனம். மூக்குக்கு அடியில் விரலை விட்டு ஒரு போல்ற்றைக் காட்டினார். இத்தனை வருடம் அங்கே ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதைத் திருகினால் மூக்குச் சட்டம் முன்னே தள்ளித் தோலை இழுக்கும். “கால் சுற்று, அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்” என்பதை விரலாலேயே சொல்லிவிட்டார். ஒரேயடியாக இறுக்கினால் ஆணி இருக்கும் இடத்தில் தோல் கிழியும். விரிந்த சிறகுக்கு, இரண்டு பக்கமும் கீழ் ஓரத்தில் துளையிட்டு, சப்பாத்துக் கயிற்றால் அடியில் குறுக்கே கட்டச் சொன்னார். கட்டினேன். பெண்களின் பழைய காலத்துச் சட்டை முதுகுபோல இருக்கிறது. ஆனால் இருக்கலாம்.

எண்ணெய் வேண்டாம், மெழுகு கலந்த பூச்சு வருடத்துக்கு ஓரிரு முறை மெல்லிசாகப் போதும். நனைந்தால் நிழலில் காயவிடுங்கள், ஈரத்தோடு ஏறி இருந்தால் தோல் இழுபட்டுவிடும். இந்தச் சீற்றுக்கு மேலே றெக்சின் ஒட்டலாமா என்று யாரும் கேட்க வந்தால், தயவுசெய்து வேண்டாம்.

கிண்ணியாத் தையல்:

பசை பசை என்று எழுதுகிறீர்கள். நான் சீற்றுக்குப் பசையே பாவிப்பதில்லை, சட்டை தைப்பதுபோலத் தைத்துப் போடுவேன். அடியில் நைலோன் கயிறு கோத்து இழுத்துக் கட்டுவது. நனைந்தால் கழற்றிக் கொடியில் போடலாம்.

பழகியது மீன் விற்கும் ஒரு நானாவால். கிண்ணியாப் பாலம் 2009-ல் திறக்குமுன்னே, பாதைப் படகில் சைக்கிளை ஏற்றித்தான் அக்கரைக்குப் போய் வந்தவர். பின்னே கரியரில் மீன்பெட்டி, ஐஸ் உருகி உப்புத் தண்ணி ஒழுகி ஒழுகிச் சீற் எப்போதும் நாறும். “தங்கச்சி, கழுவக்கூடிய மாதிரி ஒன்று தைச்சுத் தா” என்று வாசலில் நின்றார். பழைய பள்ளிக்கூடப் பையின் துணியில் தைத்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. தையல் வழியே முத்திரை கிழிவதுபோல நேராகக் கிழிந்திருந்தது.

பிழை என்னுடையதுதான். சட்டைத் துணிக்குப் போல நெருக்கித் தைத்துவிட்டேன். துளைகள் நெருங்க நெருங்க அது தையல் இல்லை, வெட்டுக்கோடு. இப்போது தையல் நீளத்தை நான்கு மில்லிமீற்றருக்கு விடுகிறேன். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும், பொலியெஸ்ரர் நூல் போடுங்கள். றெக்சின் மெஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகராது, அடியில் ரிஷூக் கடதாசி வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுக்கலாம். மூட்டு மேலே வரக்கூடாது, பக்க விளிம்பில் வரவேண்டும். நடுவில் மூட்டு வைத்துத் தைத்ததற்கு என் தம்பி இன்றைக்கும் என்னைத் திட்டுகிறான்.

அபாயா போட்டு ஓடுகிறவர்களுக்கு ஒன்று. மினுக்கமான றெக்சின் அழகுதான், ஆனால் வழுக்கும். பாலத்தில் குடாப்பக்கக் காற்று தள்ளும்போது சீற்றில் பிடி வேண்டும். கொஞ்சம் சொரசொரப்பானதை எடுங்கள்.

பாலையூற்று:

இவ்வளவு பாடு ஏன்? புதுச் சீற் இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. நான் மூன்று முறை ஒட்டி, மூன்று முறை உரித்து, வாங்கிவிட்டேன். புதியது தோல்போல இருக்கும் மெல்லிய பூச்சு வகை. அடுத்த மாரியில் மீன் செதில்போல உரிந்து காற்சட்டையில் ஒட்டியது. இப்போது நான்காம் முறை ஒட்ட யோசிக்கிறேன். பாட்டாவை எந்தக் கத்தியால் வெட்டினீர்கள்? என்னுடையது படிபடியாக வருகிறது. வைத்தது எத்தனை நாள் தாங்கியது?

உப்புவெளிக்காரன்:

அந்த உரிகிற வகை ஈரக்காற்றிலேயே பழுதாகும், பூட்டி வைத்தாலும் உரியும். குசன் கடையில் கேட்டு மற்றதை எடுங்கள்.

கடதாசி வெட்டும் கத்தியின் புது அலகு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் படி வராது. பிறகு மண்கடதாசியால் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள், மேலே றெக்சின் போட்டதும் பாட்டாவின் விளிம்பு தெரியாது. குதிக்கால் பக்கம் தடிப்பாக இருக்கும், அதைச் சீற்றின் பின்பக்கம் வையுங்கள்.

இரண்டு மாரி தாண்டிவிட்டது. இடது பக்க மூக்கோரம் மட்டும் அரை விரல் நீளத்துக்கு எழும்பியிருக்கிறது. கிண்ணியாத் தையல் அக்கா சொல்வதுபோல கயிறு கோத்துப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை. சனிக்கிழமை மழை விட்டால் கழற்றுவேன்.