சந்தை நுண்கட்டமைப்பு: முனைவர் பட்ட ஆய்வுக்கு இன்று எந்தக் கேள்வியை எடுப்பது?

காலாப்பட்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி காலாப்பட்டில் முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பங்குச் சந்தையின் நுண்கட்டமைப்பை (ஆர்டர்கள் சந்தித்து விலை உருவாகும் விதத்தை), அதிலும் குறிப்பாக நீர்மைத்தன்மையை (விலையை அதிகம் நகர்த்தாமல் வாங்கவோ விற்கவோ முடிவதை), முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 1985-இல் கைல் எழுதிய கட்டுரையையும், அதே ஆண்டு குளோஸ்டனும் மில்குரோமும் எழுதிய கட்டுரையையும் படித்துவிட்டேன். உள்விவரம் தெரிந்தவர் மற்றவர்களின் ஆர்டர்களுக்கு நடுவே மறைந்து வாங்கினால் விலை எப்படி நகரும் என்பதும், விலை கூறி வாங்கி விற்கும் வணிகர் அவரிடம் இழக்கப்போவதை ஈடுகட்டவே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி உண்டாகிறது என்பதும் புரிந்தன. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளில் துறை எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. உடன் படிப்பவர்களோ, ஆர்டர் புக்கை (ஒவ்வொரு விலையிலும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலை) ஆழ்கற்றல் என்னும் செயற்கை நுண்ணறிவு முறைக்குக் கொடுத்து அடுத்த விலையைக் கணிக்கும் தலைப்பையே எடுக்கச் சொல்கிறார்கள்.

என் ஆர்வத்துக்குக் காரணம் வீட்டில் நடந்த ஒன்று. கடலூர் முதுநகரில் இருக்கும் என் அப்பா, மருத்துவச் செலவுக்காக ஒரு சிறு நிறுவனத்தின் பங்குகள் இரண்டாயிரத்தை விற்க முனைந்தார். திரையில் தெரிந்த விலையில் 120 பங்குகளுக்கு மட்டுமே வாங்க ஆள் இருந்தது. மீதியை விற்று முடிப்பதற்குள் விலை ஏறத்தாழ 4 சதவீதம் இறங்கிவிட்டது. அந்த நிறுவனத்தைப் பற்றி அன்று எந்தச் செய்தியும் வரவில்லை. இந்த 4 சதவீதத்தை விளக்கும் ஆய்வு எது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை வாசகர்:

சகோதரி, உங்கள் அப்பா இழந்ததைத் தேசியப் பங்குச் சந்தை 'இம்பாக்ட் காஸ்ட்' என்கிறது. நிஃப்டி 50 பட்டியலில் ஒரு பங்கு இடம்பெற வேண்டுமானால், 10 கோடி ரூபாய்த் தொகுப்புக்கு அந்தச் செலவு, முந்தைய ஆறு மாதங்களில் எடுத்த கணக்கீடுகளில் 90 சதவீதத்தில் 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு தொகைக்கு என்று சொல்லாமல் நீர்மைத்தன்மையைப் பற்றிப் பேச முடியாது என்பதை இந்த விதி சரியாகப் பிடித்திருக்கிறது. ஆய்வாளர்கள் பலர் கையாளும் அமிஹூதின் 2002 அளவுகோல், ஒரு நாளின் விலை மாற்றத்தை அன்றைய வர்த்தகத் தொகையால் வகுத்துச் சராசரி காண்பது. நீண்ட காலத் தரவுக்கு அது பயன்படும்; ஆனால், ஒரு காலை வேளையில் இரண்டாயிரம் பங்குகளை விற்க நின்றவரின் நிலையை அது காட்டாது.

இன்று சூடாக இருக்கும் கேள்விகளுள் முதலில் வைக்க வேண்டியது விலைத் தாக்கத்தின், அதாவது ஓர் ஆர்டர் விலையை நகர்த்தும் அளவின், வர்க்கமூல விதி. ஒரு பெரிய ஆர்டரைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றால், மொத்தத் தாக்கம் அளவின் நேர்விகிதத்தில் வளராமல் அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் வளர்கிறது. அதாவது அளவு நான்கு மடங்கானால் தாக்கம் இரு மடங்குதான் ஆகிறது. கைலின் மாதிரியிலோ தாக்கம் நேர்கோடு. டோக்கியோ பங்குச் சந்தையின் எட்டாண்டுத் தரவை ஆராய்ந்த சாட்டோவும் கனசாவாவும், அளவின் எத்தனையாவது அடுக்காகத் தாக்கம் வளர்கிறது என்பது பங்குக்குப் பங்கு மாறாமல் ஏறத்தாழ ½ ஆகவே (அதாவது வர்க்கமூலமாகவே) நிற்பதைக் காட்டினார்கள். ஏன் அப்படி நிற்கிறது என்பதில் பொருளியலாளருக்கும் இயற்பியலாளருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. உங்கள் அப்பா ஒரே மூச்சில் ஆர்டர் புக்கின் கீழ்ப்படிகளுக்கு இறங்கியவர் என்பதால், அவர் கதை இந்த விதிக்குள் அடங்காது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வேகம். அக்விலினா, புடிஷ், ஓநீல் மூவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, லண்டன் சந்தையில் நிறைவேறிய ஆர்டர்களோடு தோற்றுப்போன ஆர்டர்களின் செய்திகளையும் சேர்த்து எண்ணியது. லண்டனின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஃப்டிஎஸ்இ 100 பட்டியலின் பங்கு ஒவ்வொன்றிலும், ஒரே விலையைப் பிடிக்கப் பலர் முந்தும் பந்தயம் சராசரியாக நிமிடத்துக்கு ஒன்று நடக்கிறது. அது பெரும்பாலும் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 5 முதல் 10 பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மொத்த வர்த்தகத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பந்தயங்களில்தான் நடக்கிறது. தோற்றவர்களை எண்ணாத எந்தத் தரவிலும் இது தெரிந்திருக்காது என்பதுதான் அந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது.

தாமாகவே கற்கும் வர்த்தக நிரல்கள் ஒன்றோடொன்று பேசாமலே கூட்டுச் சேர்ந்தாற்போல் நடந்துகொள்ளக்கூடும் என்று டோ, கோல்ட்ஸ்டைன், ஜி ஆகியோர் மாதிரிகளில் காட்டியிருப்பதையும் படியுங்கள். ஆழ்கற்றல் கணிப்பைப் பொறுத்தவரை, பல கட்டுரைகள் தங்களைச் சோதித்துக்கொள்ளும் எஃப்ஐ-2010 தொகுப்பு ஐந்து ஃபின்லாந்துப் பங்குகளின் பத்து நாள் தரவு மட்டுமே. அதன்மேல் இன்னுமொரு கட்டுரை எழுத உங்கள் நான்கு ஆண்டுகளைச் செலவிட வேண்டாம்.

பண்ருட்டி மண்டிக் கணக்கர்:

மேலே புடிஷ் பெயரைக் கண்டதால் எழுதுகிறேன். அவர், கிராம்ட்டன், ஷிம் ஆகியோர் 2015-இல் முன்வைத்த யோசனை, நொடிக்குள் பலமுறை சிறுசிறு ஏலங்கள் நடத்தி, ஒரே ஏலத்துக்குள் முந்தி வந்தவர் பிந்தி வந்தவர் என்ற வேறுபாட்டை நீக்குவது. எங்கள் பலாப்பழ மண்டியில் வாங்குவோர் அனைவரும் கூடிய பிறகே ஏலம் கூறுவோம். இரண்டு வியாபாரிகள் மட்டும் வந்த அதிகாலையில் லாரிச் சரக்கை இறக்கி விலை கேட்டால் விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்பது முப்பது ஆண்டு கணக்கு எழுதிய எனக்குத் தெரியும். சிறு பங்குகளின் சிக்கலும் அதுவே என்று எண்ணுகிறேன்: வாங்குவோர் இல்லாமல் இல்லை, ஒரே நேரத்தில் இல்லை. தேசியப் பங்குச் சந்தையிலும் காலை 9 மணிக்கு முன்திறப்பு ஏலம் இருக்கிறது. மிகக் குறைவாகக் கைமாறும் பங்குகளை, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2013-இல் ஒரு மணி நேர ஏல அமர்வுகளுக்கு மாற்றியது. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு நன்மை கிடைத்ததா என்பதே ஓர் ஆய்வாகாதா, ஐயா?

லாஸ்பேட்டை வாசகர்:

ஆகும், ஐயா. தைவான் சந்தை 2020 மார்ச்சில் இதற்கு நேர் எதிர்த் திசையில், ஏல முறையிலிருந்து தொடர் வர்த்தகத்துக்கு மாறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆனால், செபி அந்த அமர்வுகளுக்கு அனுப்பிய பங்குகள் முன்பே நலிந்தவை என்பதால், ஏலத்தின் விளைவையும் பங்கின் நலிவையும் பிரித்தறிவது கடினம்.

அந்தச் சிக்கல் குறைவாக உள்ள ஒரு வாய்ப்பு நம் நாட்டிலேயே இருக்கிறது. 2024 ஜூன் 10 முதல் தேசியப் பங்குச் சந்தை, 250 ரூபாய்க்குக் கீழ் விற்கும் பங்குகளின் டிக் அளவை, அதாவது விலை நகரக்கூடிய மிகச் சிறிய படியை, 5 பைசாவிலிருந்து 1 பைசாவாகக் குறைத்தது. 20 ரூபாய்ப் பங்குக்கு 5 பைசா என்பது கால் சதவீதம். டிக் சிறுத்தால் இடைவெளி குறுகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு பைசா கூட்டி வரிசையில் முந்திவிட முடியும் என்றால், பொறுமையாக வரிசையின் முதல் விலையில் பெரிய அளவை வைத்துக் காத்திருப்பவருக்கு என்ன பயன்? அமெரிக்கா 2001-இல் பின்ன விலைகளை விட்டு, சென்ட் கணக்கிலான தசம விலைகளுக்கு மாறியபோது இடைவெளியும் குறைந்தது, முதல் விலையில் நின்ற அளவும் குறைந்தது. நூறு பங்கு விற்பவருக்கு லாபமானது இரண்டாயிரம் பங்கு விற்பவருக்கு நட்டமாகலாம்.

நம் தரவுக்கும் ஒரு சிறப்பு உண்டு. தேசியப் பங்குச் சந்தையின் ஆய்வுக் கோப்புகளில் ஒவ்வொரு ஆர்டரும் நிரல் இட்டதா என்றும், நிதி நிறுவனங்களின் பங்குகளைப் பாதுகாக்கும் காப்பாளர் வழி வந்ததா, தரகரின் சொந்தக் கணக்கா, ஏனையோரா என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பல வெளிநாட்டுச் சந்தைகளின் தரவில் இதை ஊகிக்கத்தான் வேண்டும்.

காலாப்பட்டு மாணவி:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் 250 ரூபாய்க்குச் சற்றுக் கீழும் சற்று மேலும் உள்ள பங்குகளை ஒப்பிட்டு, இடைவெளியை விட்டுவிட்டு, குறித்த ஒரு தொகையை உடனே விற்றால் ஆகும் செலவை அளக்கலாமா?

லாஸ்பேட்டை வாசகர்:

அளக்கலாம், ஆனால் ஒரே தொகைக்கு அளக்காமல் பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம் ரூபாய் எனப் பல தொகைகளுக்கு அளவிடுங்கள். எந்தத் தொகையில் லாபம் நட்டமாகத் திரும்புகிறது என்பதுதான் உங்கள் விடை. டிக் அளவு மாத இறுதி வர்த்தக நாளின் முடிவு விலையை வைத்து மறுபார்வை செய்யப்படுகிறது. முடிவு விலையோ கடைசி அரைமணி நேரத்தின் எடையிட்ட சராசரி. எனவே அந்த நாளில் எவரேனும் விலையை 250-க்கு ஒரு பக்கமாகத் தள்ளினார்களா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள். 250 ரூபாயில் 5 பைசா 0.02 சதவீதம் மட்டுமே என்பதால் அந்த எல்லையில் விளைவு சிறிதாகவே தெரியும்; உங்கள் அப்பா விற்றதைப் போன்ற சிறு நிறுவனங்களின் 20, 30 ரூபாய்ப் பங்குகளுக்கு 2024 ஜூனுக்கு முன்னும் பின்னும் என்ற ஒப்பீட்டைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டியிருக்கும்.