கையால் குத்தும் பச்சையில் கோடு விட்டுவிட்டுத் தெரிவது ஏன்?

மைத்துளி (கேள்வி):
மெஷின் கிடையாது. ஸ்டீல் பிடியில் 3 ஊசி ரவுண்ட் லைனர் (கோடு போட, வட்டமாகச் சேர்த்துக் கட்டிய ஊசிக்கொத்து), கருப்பு மை, முன்கையின் உட்புறத்தில் ஒரு நேர்கோடு. குத்தி முடித்ததும் கோடு கச்சிதமாக இருக்கிறது. பொருக்கு உதிர்ந்தபின் நடுநடுவே புள்ளிகளைக் காணோம். அதே கோட்டில் இரண்டு இடத்தில் நீலம் பாரித்துப் பரவியும் இருக்கிறது. ஆழம் போதவில்லையா, கூடிவிட்டதா? ஊசியை மாற்ற வேண்டுமா?

ஊசிமுனை:
இரண்டும்தான். ஒரே கோட்டில் ஆழம் ஏறி இறங்கியிருக்கிறது. ஊசியைக் குறை சொல்லாதீர்கள், தோலை இழுத்துப் பிடிப்பதைப் பாருங்கள்.

மேல்தோல் பெரும்பாலான இடங்களில் 0.1 மி.மீ. அளவுதான். சுமார் நான்கு வாரத்தில் அது புதிதாகிவிடும்; அங்கே நின்ற மையும் கூடவே உதிரும். மேலிருந்து 1 முதல் 2 மி.மீ.க்குள், உள்தோலில் இறங்கிய மையை அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும். நிலைப்பது அதுதான். அதையும் தாண்டிக் கொழுப்பைத் தொட்டால் மை பக்கவாட்டில் கசியும்; ஆழத்தில் கிடக்கும் கருப்பு வெளியே நீலமாகத் தெரியும்.

தோல் தளர்ந்திருந்தால் ஊசி பட்டதும் குழியும், ஊசி இறங்காது. கை தன்னையறியாமல் அழுத்தத்தைக் கூட்டும். அடுத்த புள்ளியில் தோல் இறுக்கமாக இருந்தால் அதே அழுத்தம் ஊசியைக் கொழுப்புவரை இறக்கிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலை இரு பக்கம் விரிக்க, ஊசி பிடித்த கையின் ஓரம் மூன்றாவது பக்கம் இழுக்க வேண்டும். பசிபிக் தீவு நாடான சமோவாவில் சீப்புப் போன்ற கருவியைக் கோலால் தட்டிக் குத்துவார்கள். அங்கே தோலை இழுத்துப் பிடிக்கவென்றே துணையாட்கள் உட்காருவார்கள். அவ்வளவு முக்கியமான வேலை அது.

சரியான ஆழத்துக்கு அடையாளம்: ஊசி வெளியே வரும்போது தோல் அதைச் சற்றுப் பிடித்து 'டப்'பென்று விடும். அது இல்லையென்றால் புள்ளி மேலோட்டம். ரத்தம் ஊசிமுனை அளவு துளிர்த்தால் பரவாயில்லை. வழிந்தால் ஆழம் கூடிவிட்டது, அல்லது ஒரே இடத்தை அதிகம் குத்திவிட்டீர்கள்.

கரும்புள்ளி:
இழுப்பது முக்கியம்தான், ஆனால் கோணத்தையும் விடக்கூடாது. ஊசி கோட்டின் திசையிலேயே 45 முதல் 60 டிகிரி சாய்ந்து இறங்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் மேலே புள்ளி கோட்டில் இருக்கும், உள்ளே மை கோட்டுக்கு வெளியே இருக்கும். நீலம் பாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானியர் கையால் பச்சை குத்தும் தெபோரி முறையிலும் ஊசிக்கொத்து சாய்வாகவே நுழையும், வெளியே வரும்போது மேல்நோக்கி ஒரு சுண்டு.

மை பற்றியும் ஒன்று. ஊசிகளின் இடுக்கில் நிற்கும் மை கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். ஐந்தாறு குத்துக்கு ஒருமுறை தோய்க்காவிட்டால் வெறும் ஊசிதான் இறங்கும். தோல் மேல் மை தேங்கியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆறினபிறகுதான் காட்டிக்கொடுக்கும். தேங்கியதை ஒற்றி எடுங்கள்; தேய்த்தால் தோலில் முதலில் பதித்த மாதிரிக்கோடு (ஸ்டென்சில்) போய்விடும். முதல் சுற்றில் சற்று இடைவெளி விட்டுக் குத்தி, அடுத்த சுற்றில் இடைவெளியை நிரப்பினால் கோடு சீராக வரும்.

நுண்கோடு:
ஸ்டீல் பிடி நல்ல தேர்வு. மூங்கில் பிடியின் நுண்துளைகளில் ரத்தம் தங்கும், நம்பிக் கிருமி நீக்க முடியாது. ஸ்டீல் பிடியைக் கழுவி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 15 நிமிடமாவது வைக்கலாம். ஊசி ஒருவருக்கு ஒருமுறைதான். கொதிநீரும் தீயும் ஆட்டோகிளேவுக்கு மாற்றல்ல: கொதிநீரில் பாக்டீரியாவின் வித்துகள் பிழைக்கும், தீயில் காட்டினால் கரி படியும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும்.

சாம்பல் நிறத்துக்கு மையில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ச்சி வடித்த நீரும் கிருமி நீக்கியது ஆகிவிடாது. கிருமி நீக்கியது என்று அச்சிட்ட நீர்தான் வேண்டும்.

மைத்துளி:
விடுபட்ட புள்ளிகளை இப்போதே நிரப்பலாமா?

ஊசிமுனை:
பொருக்கு உதிர்ந்ததும் வேண்டாம், புதுத்தோல் மெலிசாக இருக்கும். குத்திய நாளிலிருந்து ஆறு வாரம் கழியட்டும். பளபளப்பு போய்த் தோலின் வரிகள் திரும்பியிருந்தால் விடுபட்ட புள்ளிகளை மட்டும் குத்துங்கள். நீலம் பாரித்த இடத்தைத் தொட வேண்டாம். மேலே குத்தினால் இன்னும் அகலமாகும். கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி அதை உள்ளடக்குவது ஒரு வழி.