விடுதி அறையில் படிப்பது எப்படி?

கேள்வி:
வீட்டில் இரவு உணவுக்குப் பின் புத்தகத்தை எடுக்கும் எனக்கு, பணி நிமித்தம் மதுரையில் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதிகளில் தங்கும்போது மட்டும் ரிமோட்டைத்தான் கை தேடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
பழக்கத்தைக் குறை சொல்லுமுன் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான அறைகளில் தலைமாட்டில் மங்கலான மஞ்சள் விளக்கும் கால்மாட்டுச் சுவரில் தொலைக்காட்சியும் இருப்பதால், படுத்தவுடன் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் 9 வாட் வெள்ளை எல்இடி பல்பு ஒன்றைப் பையிலேயே வைத்திருந்து, போனதும் மாட்டிக்கொள்கிறேன். புறப்படும்போது பழையதைத் திரும்ப மாட்டிவிடுவேன்.

மறுமொழி 2:
பல்பு மாற்றுவதெல்லாம் சற்று அதிகம். மாலையில் வேலை முடிந்தால், புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அதன்பின் அறையில் செய்தியோ கிரிக்கெட்டோ பார்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை.