ஒரு சந்தில் பாதி எலிகளுக்குத் தொற்று, அடுத்த சந்தில் ஒன்றுமில்லை: நகரத்தில் சியோல் வைரஸைத் தடம் பிடிப்பது எப்படி?

வளைத்தேடி (கேள்வி)

சாக்கடையிலும் சந்திலும் திரியும் பழுப்பு எலி சுமக்கும் ஹான்டா வைரஸ் வகை, சியோல் வைரஸ். பால்டிமோரில் 2005-06இல் பிடித்த எலிகளில் 57.7 சதவீதத்துக்கு இதற்கான ஆன்டிபாடி (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) இருந்தது. 2014இல் வெளியான நியூயார்க் ஆய்வில் 133 எலிகளில் 8தான். இரண்டும் அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுக நகரங்கள், எலியும் ஒரே இனம். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? வைரஸின் மரபணு வரிசையை மட்டும் வைத்து இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போனது என்று சொல்ல முடியுமா? புதிதாக ஒரு நகரத்தில் ஆரம்பித்தால் தெருவுக்கு எத்தனை எலி பிடிக்க வேண்டும்? 10 போதுமா?

கூண்டுப்பொறி

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பால்டிமோர் எண், எலிக்கு எப்போதாவது தொற்றியதா என்பதைச் சொல்கிறது. நியூயார்க் எண், பிடித்த நாளில் வைரஸின் ஆர்.என்.ஏ. (அதன் மரபணுப் பொருள்) திசுவில் அகப்பட்டதா என்பதைச் சொல்கிறது. தொற்றிய பழுப்பு எலி நோயில் விழாது, வைரஸை நீண்ட காலம் சுமக்கும். ஆனால் ஆன்டிபாடி நிலைத்து நிற்க, ஆர்.என்.ஏ. அளவு ஏறி இறங்கும். ஒரே எலியில் இரண்டு சோதனையும் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது எடை. இதைக் கவனிக்காமல் நாசமான ஒப்பீடுகள் நிறைய. குட்டிகளுக்குத் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் பாதுகாப்புத் தரும். அது தீர்ந்து, வளர்ந்து, ஆண்கள் சண்டைக்குப் போகும் பருவத்தில்தான் தொற்று விகிதம் ஏறும். எச்சிலில் வைரஸ் இருப்பதால் கடிதான் முக்கிய வழி. ஆண் எலிகளுக்கிடையே கடிகாயமே முதன்மைப் பாதை என்று 2004இல் வந்த ஆய்வு காட்டியது. ஆக, ஒரு தெருவில் 100 கிராம் குட்டிகளும் அடுத்த தெருவில் 400 கிராம் ஆண்களும் பொறியில் விழுந்தால், நீங்கள் அளப்பது தெருக்களின் வித்தியாசம் அல்ல, வயது வித்தியாசம். முடிவுகளைக் குறைந்தது 200 கிராமுக்குக் கீழ், மேல் என்று பிரித்து எழுதுங்கள்.

காயத்தை எண்ணும்போது முடியை எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள். வாலடி, பிட்டம், காது மூன்றிலும் தேட வேண்டும். ஈரம் காயாத புதுக் காயத்தையும், முடி முளைக்காமல் வெளுத்த பழைய தழும்பையும் தனித்தனி கட்டத்தில் குறியுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் பிறகு பிரிக்க வழியே இல்லை.

10 எலி போதாது. தொற்று விகிதம் 6% என்று வையுங்கள். 10 எலியிலும் ஒன்றுகூட அகப்படாமல் போக 54% வாய்ப்பு. அதாவது தொற்று இருக்கிற தெருக்களில் பாதிக்கு மேல் 'இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். ஒன்றாவது சிக்கும் என்று 95% உறுதி வேண்டுமென்றால் 49 எலி. விகிதம் 20% என்றால் 14 போதும்.

புதுப் பொருளைக் கண்டால் எலி பயப்படும். அதனால் கூண்டுகளை ஒரு வாரம் மூடாதபடி கட்டிவைத்து, உள்ளே தீனி மட்டும் போட்டுப் பழக்குங்கள். இதைத் தவிர்த்தால் முதல் இரவுகளில் அனுபவமில்லாத இளசுகளே அதிகம் விழும். மேலே சொன்ன எடைச் சிக்கல் அப்படியே திரும்பி வரும்.

கிளைநுனி

மரபணுப் பக்கம். இந்த வைரஸின் மரபணு மூன்று துண்டு: எல் சுமார் 6,500 எழுத்து (மரபணு வரிசையின் ஓர் அலகு), எம் சுமார் 3,600, எஸ் சுமார் 1,800. மொத்தம் 12,000க்குக் கொஞ்சம் குறைவு. மாற்ற வேகத்தை ஆண்டுக்கு எழுத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்று கொள்ளுங்கள். (இந்த வேகமே சர்ச்சைக்குரியது. எலி இனங்களோடு சேர்ந்தே வைரஸும் பிரிந்து வந்தது என்று கணக்கிட்டால் ஆயிரம் மடங்கு மெதுவாக வரும்.) அப்படியானால் முழு மரபணுவில் ஆண்டுக்கு ஒரு மாற்றம், கொஞ்சம் கூட. எஸ் துண்டில் மட்டும் என்றால் ஐந்தாறு ஆண்டுக்கு ஒன்று. பலரும் கண்டறிதலுக்குப் பயன்படுத்தும் 400 எழுத்துக்குக் குறைவான எல் பகுதியில் 25 ஆண்டுக்கு ஒன்று.

எனவே ஒரே பருவத்தில் பிடித்த எலிகளிலிருந்து அந்தச் சின்ன எல் பகுதியை மட்டும் படித்தால் நகரம் முழுக்க ஒரே வரிசை வரும். அதைப் பார்த்து 'வைரஸ் நகரெங்கும் தடையில்லாமல் பரவுகிறது' என்று எழுதுவது பெரிய பிழை. அந்தப் பகுதி வைரஸ் இருக்கிறதா, எந்த இனம் என்று சொல்லத்தான். தெரு அளவுக்கு முழு மரபணுவும், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த மாதிரிகளும் வேண்டும். காலக் கணக்கு போடுமுன் மாதிரி எடுத்த தேதிக்கும், வைரஸ்களின் உறவைக் காட்டும் மரத்தில் வேரிலிருந்து கிளைநுனி வரையுள்ள தூரத்துக்கும் தொடர்பு தெரிகிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் மென்பொருள் தருகிற ஆண்டுக்கு மதிப்பில்லை.

மூன்று துண்டுக்கும் தனித்தனி மரம் வரையுங்கள். ஒரே எலியில் இரண்டு வகை சேர்ந்தால் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். சேர்த்து ஒட்டி ஒரே மரமாக வரைந்தால் இந்தக் கலப்பு இரண்டுக்கும் நடுவே புதுக் கிளைபோலத் தெரிந்து ஏமாற்றும்.

எலியின் மரபணுவையும் எடுங்கள். பால்டிமோரில் 11 இடங்களில் 277 எலிகளைப் பார்த்தபோது ஜோன்ஸ் ஃபால்ஸ் ஓடை கிழக்கையும் மேற்கையும் பிரித்தது தெரிந்தது. மன்ஹாட்டனில் 2018இல் வந்த ஆய்வில், நடுப்பகுதி வடக்கு எலிகளையும் தெற்கு எலிகளையும் பிரிக்கும் தடையாக நின்றது. ஆனால் எலியின் மரமும் வைரஸின் மரமும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. வந்தேறிய எலி அங்கே இனப்பெருக்கம் செய்தால்தான் அதன் மரபணு புது இடத்தில் தங்கும். வைரஸுக்கு அது தேவையில்லை, ஒரே ஒரு கடி போதும். இரண்டு மரமும் முரண்படுகிற இடத்தை அவசரமாகப் பிழை என்று தள்ளாதீர்கள். நான் முதலில் உட்கார்ந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நீண்ட தாவலுக்கு மனிதர்தான் காரணம். வைரஸ் ஆசியாவிலிருந்து கப்பல் எலிகளோடு உலகத் துறைமுகங்களுக்குப் போனது. 2017இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலி வியாபாரத்தில் 11 மாநிலங்களுக்குப் போய் 17 பேருக்குத் தொற்றியது.

வளைத்தேடி

நன்றி. மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்துவதில் எங்கே சறுக்கும்? இன்னொன்று: தொற்றுள்ள தெருவில் எலிகளைக் கொன்றுவிட்டால் பரவல் குறையாதா?

உறைகலம்

நுரையீரல்தான் முதல் தேர்வு, சிறுநீரகமும் கூடவே. எந்தத் துண்டுக்கும் ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆர்.என்.ஏ. காக்கும் திரவம் அதற்கு மேல் உள்ளே ஊறாது. நடுப்பகுதி சிதைந்து, சோதனையில் 'இல்லை' என்று வரும். திரவம் திசுவின் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு இருக்கட்டும். ஓர் இரவு 4 டிகிரியில் ஊறவைத்து, பிறகு உறையவையுங்கள். ஒவ்வொரு எலிக்கும் தனிக் கத்தி, தனி இடுக்கி.

ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் திசு இல்லாமல் வெறும் நீர் மட்டும் வைத்த ஒரு சோதனைக் குழாய் கட்டாயம். உங்கள் வரிசை 80-39 என்ற ஒப்பீட்டு வைரஸோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தால் மகிழ வேண்டாம், நேர்க் கட்டுப்பாட்டு மாதிரி (சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க வைக்கும், வைரஸ் உள்ள மாதிரி) தெறித்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். வைரஸை வளர்க்கும் ஆசை வந்தால் அதற்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்புக் கூடம் வேண்டும். வரிசைக்கு மட்டும் என்றால் குவானிடின் கரைசலில் செயலிழக்கச் செய்த திசு போதும்.

கொல்வது பற்றி: வான்கூவரில் எலிகளை அகற்றிய தெருக்களில் மிஞ்சிய எலிகளில் லெப்டோஸ்பைரா சுமப்பவற்றின் விகிதம் ஏறியது. அது பாக்டீரியா, இது வைரஸ். என்றாலும் காலியான இடத்துக்குப் புது ஆண்கள் சண்டையிட்டு நுழைவார்கள் என்றால், கடியால் பரவும் வைரஸுக்கு இன்னும் கூடுதல் கவலை. குப்பைத்தொட்டிக்கு மூடியும், வளைத் துளைக்குச் சிமெண்டும் இல்லாமல் பொறி மட்டும் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோட்டப்பாளையம்64

இதற்கு வேலூரோடு ஒரு தொடர்பு உண்டு. 1964இல் அங்கே தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலிருந்து எடுத்த வைரஸ் பிற்பாடு ஹான்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. மூஞ்சூறு கொறிவிலங்கு அல்ல என்பதால், எலிகளோடு மட்டும் இந்தக் குடும்பத்தைக் கட்டிப்போட முடியாது என்பதற்கு அதுவே ஆரம்பச் சான்று. நம் ஊர்ப் பொறியில் மூஞ்சூறு விழுந்தால் தூக்கி எறியாமல் தனிப் பையில் வையுங்கள். சியோல் வைரஸுக்கான பி.சி.ஆர். சோதனையின் பிரைமர்கள் (வைரஸ் மரபணுவில் ஒட்டி அதைக் கண்டறிய உதவும் சிறு துண்டுகள்) அதன் வைரஸைப் பிடிக்காமல் போகலாம், எல்லா ஹான்டாவுக்கும் பொதுவானவை வேண்டும். பெருச்சாளியையும் கருப்பெலியையும் கண்ணால் பார்த்து எழுதியதோடு நிறுத்தாமல் சைட்டோகுரோம் பி மரபணுவால் உறுதிசெய்யுங்கள். இளசுகளில் குழப்பம் வரும்.

பொறி இருந்த கிடங்கைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு: கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். லிட்டருக்கு 15 கிராம் புதுப் பிளீச்சிங் பவுடர் கரைத்தால் கிட்டத்தட்ட 0.5% குளோரின் வரும். அதை ஊற்றி நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, பழந்துணியால் வழித்து எடுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். திறந்து மாதக்கணக்கான பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், அதை நம்ப வேண்டாம்.